படம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள்

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்காரர்களுக்குச் சினிமா பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தகவல் இலாகா வேன் தோட்டத்துத் திடலுக்கு வந்து வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், சாயங்காலமே பாயை விரித்து இடம் பிடித்தவர்கள் இங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் படங்களைப் பற்றிக் கொஞ்சமாகவும், படம் முடிந்து விளக்கு போட்ட பிறகு நடப்பதைப் பற்றி நிறையவும் பேசப்போகிறேன்.

போன வருடம் ஈப்போவில் நடந்த ஒரு சின்னத் திரைப்பட விழாவுக்குப் போயிருந்தேன். அப்படி ஒன்றுக்குப் போனது அதுதான் முதல் தடவை. நடிகர், நடிகை, பூமாலை எதுவும் கிடையாது, ஒரு மண்டபம், வரிசையாக நாற்காலிகள், வாசலில் நிகழ்ச்சி நிரல் கொடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள், அவ்வளவுதான். ஐந்தாறு குறும்படங்களைச் சேர்த்து ஒரே காட்சியாகப் போடுகிறார்கள். மலாய், சீனம், தமிழ் எல்லாம் கலந்து வரும், எல்லாவற்றுக்கும் கீழே எழுத்து ஓடும்.

அதில் ஒன்று தோட்டத்தைப் பற்றிய ஆவணப்படம். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு, பிறகு நிலத்தையே விற்று, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்ன கதை. நமக்குப் புதிது இல்லை. ஆனால் நம் பாட்டி ஒருவர் தமிழில் பேசுவதை ஒரு மண்டபம் நிறைய மலாய்க்காரர்களும் சீனர்களும் எழுத்தைப் படித்துக்கொண்டே அசையாமல் பார்ப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

படம் முடிந்தது. எடுத்த பையன் முன்னால் வந்து நின்றான், மைக் கை மாறியது. முதலில் கேமரா என்ன, செலவு எவ்வளவு என்ற வழக்கமான கேள்விகள். அப்புறம் பின் வரிசையிலிருந்து ஒரு சீனப் பெரியவர் எழுந்து மலாயில் பேசினார். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அவசரகாலத்தில் தன் குடும்பத்தை வீட்டோடு பெயர்த்துக் கொண்டுபோய் முள்கம்பி போட்ட புதுக்கிராமத்தில் வைத்தார்களாம், லயத்து வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றும் காட்சியில் அம்மா ஞாபகம் வந்துவிட்டதாம். அவருக்கு அதற்கு மேல் பேச முடியவில்லை.

பிறகு நம் அக்கா ஒருவர் மைக்கை வாங்கினார். பால் மரம் வெட்டியே, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்கியே, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். "தம்பி, வெயில் ஏறின பிறகு மரம் வெட்டுகிற மாதிரி காட்டியிருக்கிறீங்க. நாங்க இருட்டிலேயே விளக்கைக் கட்டிக்கிட்டுப் போயிடுவோம், குளிர்ச்சியா இருக்கும்போதுதான் பால் நல்லா இறங்கும். வெயில் வந்தா மங்குல வடிஞ்சிருக்கிற பாலை எடுத்துக்கிட்டுத் தோள்ல காண்டா வாளியோட ஸ்டோருக்கு நடக்கிற நேரம்" என்று தமிழிலேயே சொன்னார். பக்கத்திலிருந்த பெண் மலாயில் சொல்ல, அந்தப் பையன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். நிகழ்ச்சி முடிந்தும் அவரை விடவில்லை, தேநீர் மேசைக்குப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் அங்கே பார்த்ததிலேயே பெரிய விஷயம் அதுதான்.

தோட்டத்தைப் படமாக்கியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2005இல் தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' வந்தது. தோட்டத்தை விட்டு வந்தவர்களின் கதையைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. அந்த விழாவில் தேசிய மொழியான மலாயில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்றுதான் முதலில் அறிவித்தார்கள், திரைத்துறையினர் எதிர்த்த பிறகே மாற்றினார்கள் என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2003 முதல் நடக்கும் ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் போன்றவை மனித உரிமைப் படங்களைப் போடுகின்றன. பார்க்க இடம் இருக்கிறது, அங்கே நம் ஆட்கள்தான் குறைவு.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது. துரைமார் பெயரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அன்று காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, வரிசையில் நின்ற நம் ஆட்கள் என்ன பார்த்தார்கள், ராத்திரி எங்கே படுத்தார்கள்? அதைச் சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால் இன்றைக்கே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், குறும்படத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

சரி, இந்த வருடமும் அந்த ஈப்போ விழா நடக்கிறது. கோயில் வேன் சனிக்கிழமை காலையில் போகிறது. நிரலில் உள்ளதையெல்லாம் பார்த்துத் தீர்க்க வேண்டாம், இரண்டு காட்சி போதும், ஆனால் கலந்துரையாடல் முடியும்வரை யாரும் எழுந்துவிடாதீர்கள். மரம் வெட்டினவர்கள், மருந்து அடித்தவர்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள், உங்களைத்தான் முதலில் அழைக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்க மேசையில் இப்போதே பெயர் கொடுங்கள். பசியாறிவிட்டு வாருங்கள், மண்டபத்தில் ஏர்கோன் நன்றாகக் குளிரும், பாட்டிமார் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.