கடலுக்கு விடுமுறை, கடனுக்கு?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இன்னும் சில நாட்களில் ஜூன் 1 வந்துவிடும். அன்றிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம், குளச்சல் பக்கத்து விசைப்படகுகள் ஜூலை 31 வரை, 61 நாட்கள், அரசின் மீன்பிடித் தடையால் தொழிலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கும். அதே மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், சின்னமுட்டத்தில், ஏப்ரல் 15-லேயே தடை தொடங்கிவிட்டது. அவர்களுக்கு ஜூன் 14-இல் முடியும். ஒரு மாவட்டத்துக்கு இரண்டு கடல், இரண்டு விடுமுறை. ஊருக்குள் இருப்பவர்களுக்கு இதில் தெரிவதெல்லாம் ஒன்றுதான்: மீன் விலை ஏறியிருக்கும். மீன்காரம்மாவிடம் கேட்டால் ‘தடைக்காலம்’ என்பார். சரி என்று நீங்கள் கருவாட்டுக்குப் போவீர்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘கத்தோலிக்கத் திருச்சபையும் சமூக நீதியும் படைப்பின் பாதுகாப்பும்.’ பெரிய தலைப்பு. படைப்பு என்றால் கடவுள் படைத்த நிலமும் கடலும் உயிர்களும். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அப்பா கட்டுமரக்காரர், பாட்டி கடவம் சுமந்து மீன் விற்றவர். அதனால் கடற்கரை வழியாகத்தான் எனக்கு இந்தத் தலைப்புக்குள் வரத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறேன். எங்கள் கரையில் ஞாயிறு கடலுக்குப் போக மாட்டோம். அது ஊர்க் கட்டுப்பாடு, அரசாங்கச் சட்டத்துக்கெல்லாம் மூத்தது. அன்றைக்குத் தடைக்காலத்துக்கு முந்தின ஞாயிறு. பங்குச்சாமியார் லேவியர் புத்தகம் 25ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுப் பிரசங்கம் வைத்தார். ஆறு வருடம் விதை, ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு கொடு என்று ஆண்டவர் மோசேயிடம் சொல்கிற இடம். நிலத்துக்கு ஓய்வு உண்டென்றால் கடலுக்கும் உண்டு, மீன் முட்டையிடட்டும், குஞ்சு வளரட்டும் என்று சாமி நன்றாகவே சொன்னார்.

பூசை முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் என் தூரத்து மாமா ஒருவர் சாமியைப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சொந்தமாக ஒரு போட்டு, அதாவது விசைப்படகு. சொந்தம் என்றால், முக்கால்வாசி கடன். கோபமாகப் பேசவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: “சாமி, நிலத்துக்கு ஓய்வு, கடலுக்கு ஓய்வு, எல்லாம் சரி. வட்டிக்கு ஓய்வு உண்டா? ரெண்டு மாசம் போட்டு கட்டிக் கிடக்கும். வட்டி கட்டிக் கிடக்குமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாமியும் சிரித்தார். ஆனால் பதில் சொல்லவில்லை. நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாமாவின் கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் அந்த அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். கோயிலில் வாசிப்பது நாலைந்து வசனம்தானே, மிச்சத்தை யார் பார்க்கிறார்கள்? ஆறாம், ஏழாம் வசனங்களில், ஓய்வாண்டில் நிலம் தானாகத் தருவது யார் யாருக்கு என்று ஒரு பட்டியல். உனக்கு, உன் வேலைக்காரனுக்கு, கூலியாளுக்கு, உன்னோடு தங்கியிருக்கும் அந்நியனுக்கு, உன் கால்நடைகளுக்கு, காட்டு விலங்குகளுக்கு. கூலியாளும் காட்டு விலங்கும் ஒரே பந்தியில்! இருபதாம் வசனத்தில் ஒரு கேள்வி: ‘ஏழாம் ஆண்டில் நாங்கள் எதைச் சாப்பிடுவது?’ மாமா கேட்டதுதான், மூவாயிரம் வருடப் பழைய குரலில். அப்புறம் 36ஆம் வசனம். அதைப் படித்தபோது நான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏழையான உன் சகோதரனிடம் வட்டி வாங்காதே. அதே அதிகாரம். ஓய்வு பற்றி எழுதிய அதே கை வட்டி பற்றியும் எழுதியிருக்கிறது.

மறுநாள் மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அதை வட்டிக்காரன்கிட்ட போய் வாசி” என்றார்.

இந்தக் கதையை நான் எங்கே பேசப் போனாலும் சொல்லிவிடுவேன். வீட்டில் கேலி செய்வார்கள், இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அதில்தான் இருக்கிறது. கடலுக்கு ஓய்வு கொடுப்பதும் கூலிக்காரனைக் கடனிலிருந்து விடுவிப்பதும் ஒரே அதிகாரம். ஒன்றை மட்டும் வாசித்தால் பாதிதான் வாசித்தோம்.

வட்டி என்றால் கரையில் என்ன அர்த்தம் என்று உள்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா காலத்தில் கட்டுமரம் வாங்க, வலை வாங்க, மகளைக் கட்டிக்கொடுக்க, எல்லாவற்றுக்கும் முன்பணம் கொடுப்பவர் மீன் வியாபாரி. கொடுத்தவருக்கே மீன் போட வேண்டும். விலை அவர் சொன்னதுதான். அசல் தீராது, அவரும் தீர விடமாட்டார். உடைந்த மரத்தை விட மோசமானது அந்தக் கணக்கு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கோயிலும் கரையில் வந்து பங்கு வாங்கியது. பிடித்த மீனில் ஒரு பகுதி கோயிலுக்கு. அதை வசூலிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர் கரையில் நின்று வாங்குவார். குத்தகை என்பார்கள். 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் நடந்து ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதை நாங்கள் பெருமையாகச் சொல்வோம். குத்தகையைப் பற்றி அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. வசூலித்த அதே திருச்சபைதான் பிற்பாடு கரைக்கு வேறு விதமாக வந்தது. அதனால்தான் அந்த மாற்றம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1970களில் ஜேம்ஸ் தாம்பர் என்ற பெல்ஜியம் நாட்டுக் குருவானவரும் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவை சங்கமும் ஊர் ஊராக மீனவர் சங்கங்களை அமைத்தார்கள். திட்டம் எளிமையானது. மீனைச் சங்கம் ஏலம் விடும், வியாபாரி போட்டி போட்டு வாங்குவார். கடன் சங்கம் தரும், அன்றன்றைய மீன் வரும்படியில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மீன் படாத நாளில் பிடித்தம் இல்லை. இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். மீன் படாத நாளில் கடனுக்கும் ஓய்வு! மாமாவின் கேள்விக்கு ஒரு பதில் அங்கே இருந்திருக்கிறது, லேவியரைத் திறக்காமலே. கேரளத்தில் மரியநாடு என்ற ஊரில் இதே மாதிரி முயற்சி. 1980-இல் இரண்டு பக்கமும் சேர்ந்து திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாக வைத்துத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆனது. சிஃப்ஸ் என்று சொன்னால் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

கடன் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இழுவைமடி. 1952-இல் மீன்பிடி வளர்ச்சிக்காக நார்வே நாட்டோடு ஓர் ஒப்பந்தம். கொல்லம் பக்கத்து நீண்டகரையில் திட்டம் தொடங்கியது. ஏழை மீனவனின் வாழ்வை உயர்த்தத்தான் வந்தார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஏற்றுமதிச் சந்தையில் இறாலுக்கு விலை கிடைத்ததும் முதலீடு எல்லாம் இழுவைப்படகுக்கு ஓடியது. இழுவைமடி என்றால், கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு போகிற வலை. வீடு பெருக்கும்போது விளக்குமாறு குப்பையையும் விழுந்து கிடக்கும் கம்மலையும் பார்த்தா பெருக்குகிறது? அப்படித்தான். குஞ்சு, முட்டை, பாசி எல்லாம் வரும். கரையோரமாகவே இழுப்பார்கள். கட்டுமரக்காரன் விரித்த வலையும் சேர்ந்து போகும்.

சண்டை வந்தது. இதில் வெளியார் பலருக்குப் புரியாத ஒன்று உண்டு. சண்டையின் இரண்டு பக்கமும் கத்தோலிக்கர்தான். கேரளத்தில் சக்திகுளங்கரையிலும் அப்படி, எங்கள் பக்கத்திலும் அப்படி. வலை அறுபட்டவனும் அறுத்த போட்டின் முதலாளியும் ஞாயிறு காலை ஒரே கோயிலில் முழங்கால் போடுவார்கள். கோயிலுக்கு நன்கொடை அதிகம் தருவது இரண்டில் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் சில குருக்களும் கன்னியாஸ்திரீகளும் வலை அறுபட்டவன் பக்கம் நின்றார்கள். 1984-இல் கேரளத்தில் மழைக்கால இழுவைத் தடை கேட்டுக் கன்னியர் உண்ணாவிரதம் இருந்தார்கள். துறவிக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்டவர்கள் திருச்சபைக்குள்ளேயே நிறைய. முன்னின்றவர்களில் ஒருவர் தாமஸ் கோச்சேரி. சங்கனாச்சேரிக்காரர், ரெடெம்டரிஸ்ட் சபைத் துறவி, சட்டம் படித்தவர், 2014-இல் காலமானார். 1988-இல் கேரளம் முதன்முதலாக மழைக்கால இழுவைத் தடையைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கு 2001-இல் 45 நாள் தடை வந்தது, 2017-இல் 61 ஆனது.

இப்போது ஒரு தேதிக் கணக்கு. ஆசிரியை அல்லவா, தேதி சொல்லாமல் இருக்க முடியாது. 1989 ஏப்ரலில் மீனவர்கள் இரண்டு அணியாகப் பயணம் புறப்பட்டார்கள். ஒன்று வங்காளத்திலிருந்து கிழக்குக் கரையோரமாக, இன்னொன்று பம்பாயிலிருந்து மேற்குக் கரையோரமாக. இரண்டும் மே 1 அன்று கன்னியாகுமரியில் சேர்ந்தன. முழக்கம், நீரைக் காப்போம், உயிரைக் காப்போம். அந்த நாள் நல்லபடி முடியவில்லை, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் நின்றது. இது மே மாதம். அதே ஆண்டில்தான் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ், செப்டம்பர் 1-ஐப் படைப்புக்காக மன்றாடும் நாளாக அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால், 1990 உலக அமைதி நாளுக்கான செய்தியைப் படைப்போடு சமாதானம் என்ற பொருளில் எழுதினார். ரோமாபுரி நம்மைப் பார்த்து எழுதியது என்று சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் பொய். கால வரிசையைத்தான் சொல்கிறேன்: நம் ஆட்கள் மே மாதமே நடந்து முடித்துவிட்டார்கள்.

அதற்கு 26 வருடம் கழித்து, 2015-இல், திருத்தந்தை பிரான்சிஸின் ‘லவ்தாத்தோ சி’ என்ற, படைப்பைக் காப்பது பற்றிய சுற்றுமடல் வந்தது. அதன் 139ஆம் எண் பத்தியில், சமூக நெருக்கடி தனி, சுற்றுச்சூழல் நெருக்கடி தனி என்று இரண்டு இல்லை, இருப்பது ஒன்றுதான் என்கிறார். எனக்கு உடனே வேப்பமரத்தடி மாமாதான் ஞாபகம் வந்தார். 49ஆம் எண்ணில் பூமியின் கதறலையும் ஏழைகளின் கதறலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறார். 41-இல், கடலின் அற்புத உலகத்தைக் கல்லறையாக்கியது யார் என்று பிலிப்பீன்ஸ் ஆயர்கள் 1988-இல் எழுப்பிய கேள்வியை எடுத்துப் போடுகிறார். அங்கேயும் மீன்பிடிக் கரைகள்தானே, தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் பங்குக் கோயில்களில் எந்த எண் பிடித்துப்போனது தெரியுமா? 211. விளக்கை அணையுங்கள், பிளாஸ்டிக்கைக் குறையுங்கள், தேவைக்குச் சமையுங்கள். நல்ல காரியங்கள்தான், நானும் செய்கிறேன். யாரோடும் சண்டை வராத காரியங்களும்கூட. ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தால் கோயில் வளாகத்தில் ஒரு மரக்கன்று நடுவோம், ஆயிரம் பேர் சுற்றி நின்று படம் எடுப்போம். மறு வருடம் அதே குழியில் இன்னொரு கன்று. ஒரு வளாகத்தில் ஒரே குழியில் மூன்று வருடம் நட்டதை நானே பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். 49-க்கு வந்தால் யார் பக்கம் நிற்பது என்ற கேள்வி வரும். அதனால் 211-லேயே இருந்துவிடுகிறோம்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடியப்போகிறது என்று விரலைக் காட்டுகிறார்கள். ஒரு விரல்தான். கொண்டுவந்த தாளில் பாதி இன்னும் பாக்கி. மணவாளக்குறிச்சியில் அள்ளும் கனிம மணல், ஒக்கிப் புயல், மீன் கூடையோடு ஏறிய மூதாட்டியை இறக்கிவிட்ட பேருந்து, எதற்கும் இப்போது நேரமில்லை.

ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2015-இல் கேரளம் பிடிக்கக்கூடிய மீனுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தது. சாளைக்கு, அதாவது மத்திக்கு, பத்து சென்டிமீட்டர். சந்தைக்கு ஸ்கேலோடு போக வேண்டாம், இரண்டு தீப்பெட்டியை நீளவாக்கில் ஒட்டி வைத்தால் அந்த அளவு. அதற்குக் குறைந்த சாளையைக் கூறு கட்டி மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். மீன்காரம்மாவிடம் சண்டை போடாதீர்கள், அதைக் கடலில் பிடித்தவர் அவர் இல்லை. எங்கே ஏலம் எடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒரு நாளில் பத்துப் பேர் கேட்டால், மறுநாள் அவர் ஏலக்காரரிடம் கேட்பார்.

அப்புறம், அந்த மாமா. போட்டை விற்றுவிட்டார். இப்போது அடுத்தவர் வள்ளத்தில் மீனில் பங்குக்கு வேலைக்குப் போகிறார். கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.