ஒரு கடிதத்தின் 67 சொற்கள்

(திரையில்: தட்டச்சில் அடித்த ஒரு பக்கக் கடிதம், அடியில் மையால் இட்ட கையொப்பம்)

இந்தக் கடிதத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். தலைப்பில் வெளியுறவு அலுவலகத்தின் பெயரும், 1917 நவம்பர் 2 என்ற தேதியும் இருக்கின்றன. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பால்ஃபர், அந்நாட்டு யூதச் சமூகத்தின் முன்னணிப் பிரமுகரான ரோத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு எழுதியது. முன்னும் பின்னும் இருப்பவை சம்பிரதாய வரிகள். நடுவே ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் 67 சொற்கள். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு 'ஒரு தேசியத் தாயகம்' அமைவதைப் பிரிட்டிஷ் அரசு விரும்பி ஆதரிக்கிறது என்பது அதன் சாரம். அன்றைக்குப் பாலஸ்தீனம் பிரிட்டனுடையது அன்று. ஜெருசலேம் துருக்கியரின் ஒட்டோமான் பேரரசின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் படை அதைக் கைப்பற்ற இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன.

அரபு–யூத மோதல் ஈராயிரம் ஆண்டுப் பகை என்று சொல்லிக் கடந்துவிடுவோர் உண்டு. அது சரியன்று. ஜெருசலேம், ஹெப்ரான், சஃபேத், திபேரியா ஆகிய ஊர்களில் யூதர்கள் ஒட்டோமான் ஆட்சியில் பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். அங்கே சமமின்மை இருந்தது, ஆனால் நிலம் யாருடையது என்ற வழக்கு இருக்கவில்லை. அந்த வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ஐரோப்பாவில் பிறந்தது. ரஷ்யப் பேரரசில் யூதர்கள்மீது அலையலையாக நடந்த தாக்குதல்களுக்குப் பின்னர், தமக்கென்று ஒரு நாடு இல்லாமல் தமக்குப் பாதுகாப்பு இல்லை என்ற முடிவுக்கு வந்தவர்களை, யூதப் பத்திரிகையாளர் தியோடர் ஹெர்ட்சல் 1897-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மாநாடாகக் கூட்டினார். அங்கே நிறைவேறிய திட்டத்தில் 'அரசு' என்ற சொல் கிடையாது. துருக்கிய சுல்தானைச் சீண்டக் கூடாது என்பதற்காக, இல்லம் அல்லது தாயகம் என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல்லைத் தெரிந்தெடுத்து வைத்தார்கள். 20 ஆண்டுகள் கழித்துப் பால்ஃபரின் கடிதத்தில் வந்து அமர்ந்த 'தாயகம்' அந்தச் சொல்லின் வழித்தோன்றல்தான். அரசு என்று படிப்பவருக்கு அரசு, குடியிருப்பு என்று படிப்பவருக்குக் குடியிருப்பு.

(திரையில்: நாசரேத்தை அடுத்த சமவெளியின் பழைய ஒளிப்படம்)

ராஜதந்திரிகள் எழுதத் தொடங்கும் முன்பே நிலத்தில் சிக்கல் தொடங்கிவிட்டது. நாசரேத்துக்குத் தெற்கே மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியில் இருந்த அல்-ஃபூலா கிராமத்தின் நிலம், பெய்ரூட்டில் வாழ்ந்த சுர்சோக் என்ற வணிகக் குடும்பத்தின் பெயரில் இருந்தது. உழுதவர்கள் குத்தகைக் குடியானவர்கள். 1910-இல் அந்த நிலத்தை யூதக் குடியேற்ற அமைப்பு ஒன்று விலைக்கு வாங்கியபோது, வட்டார நிர்வாகியாக இருந்த ஷுக்ரி அல்-அஸலி பெயர் மாற்றித் தர மறுத்தார். மேலிடம் அவர் பேச்சைத் தள்ளிவிட்டது, குடியானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். விற்றவர் அரபியர், வாங்கியவர் யூதர், சட்டப்படி எல்லாம் முறையாகவே நடந்தது. ஆனால் உழுதவனுக்குப் பத்திரத்தில் இடமே இல்லை. குத்தகை நிலத்தை நம்பிப் பிழைத்த எந்த ஊருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் உலகப் போர் வந்தது. துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்ததால், அரபியரைத் துருக்கிக்கு எதிராக எழச் செய்ய வேண்டிய தேவை பிரிட்டனுக்கு உண்டாயிற்று. மெக்காவின் ஆளுநரான ஷரீஃப் ஹுசைனுக்கும், எகிப்தில் பிரிட்டனின் உயர் ஆணையராக இருந்த ஹென்றி மக்மகோனுக்கும் இடையே 1915 ஜூலை முதல் 1916 மார்ச் வரை பத்துக் கடிதங்கள் போய் வந்தன. இந்தியா–சீன எல்லையில் இன்றும் பேசப்படும் மக்மகோன் கோட்டுக்குப் பெயர் கொடுத்தவரும் இவரேதான். 1914-இல் சிம்லாவில் அந்தக் கோட்டுக்கு ஒப்பந்தம் பேசிவிட்டுத்தான் கெய்ரோ போய்ச் சேர்ந்தார். அவரது கடிதங்கள் அந்தக் கோட்டை விடவும் அதிகச் சண்டையைக் கிளப்பின.

1915 அக்டோபர் 24 தேதியிட்ட கடிதத்தில் அரபியரின் சுதந்திரத்தை ஆதரிப்பதாக வாக்களித்த மக்மகோன், சில பகுதிகளை மட்டும் விலக்கினார். டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ ஆகியவற்றுக்கு 'மேற்கே' உள்ள சிரியப் பகுதிகள் அந்த வாக்கில் சேரா என்றார். நிலப்படத்தில் இந்த நான்கு ஊர்களையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள்: அதற்கு மேற்கே லெபனான் கரை இருக்கிறது, பாலஸ்தீனம் தெற்கே தள்ளி இருக்கிறது. ஆகவே அது எங்களுக்கு வாக்களிக்கப்பட்ட நிலம் என்றார்கள் அரபியர். பிரிட்டன் பின்னாளில் வேறு விளக்கம் தந்தது. கடிதத்தின் அரபு வடிவத்தில் 'விலாயா' என்ற சொல் இருக்கிறது. அது மாகாணத்தைக் குறிக்கும். டமாஸ்கஸ் மாகாணம் யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே நெடுந்தூரம் தெற்கு வரை நீள்கிறது. எனவே அதற்கு மேற்கே பாலஸ்தீனமும் அடங்கும் என்று வாதித்தார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஹோம்ஸ் மாகாணம் என்றும் ஹமா மாகாணம் என்றும் ஒட்டோமான் ஆட்சியில் எதுவும் இருந்ததில்லை என்பது நினைவுக்கு வரும் வரையில்.

இதே காலத்தில் பிரிட்டனின் மார்க் சைக்ஸும் பிரான்ஸின் பிக்கோவும் அதே நிலத்தை ரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். 1916 மே மாதத்தில் முடிவான அந்த ஒப்பந்தத்தில் பாலஸ்தீனத்தின் பெரும்பகுதிக்குப் பன்னாட்டு நிர்வாகம் என்று எழுதப்பட்டது. அல்-ஃபூலா பத்திரத்தை மறுத்த ஷுக்ரி அல்-அஸலியை, அரபு தேசியவாதி என்ற குற்றத்துக்காகத் துருக்கியர் டமாஸ்கஸில் தூக்கிலிட்டதும் அதே மே மாதத்தில்தான்.

(திரையில் மீண்டும் முதல் கடிதம், சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன)

இப்போது பால்ஃபரின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். 1917 ஜூலையில் சியோனிஸ்டுகள், அதாவது பாசலில் கூடிய அந்த இயக்கத்தினர், தந்த வரைவில், பாலஸ்தீனம் முழுவதையும் யூத மக்களின் தேசியத் தாயகமாக மீண்டும் அமைப்பது என்றிருந்தது. அமைச்சரவை விவாதங்களில் அது தேய்ந்து, 'பாலஸ்தீனத்தில்' 'ஒரு' தாயகம் என்றாயிற்று. மிகக் கடுமையாக எதிர்த்தவர் அன்றைய மூத்த அமைச்சர்களில் ஒரே யூதரான எட்வின் மாண்டேகு. மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த அதே மாண்டேகு, இந்தியாவுக்கான அமைச்சர். யூதர்களுக்கென்று தனி நாடு என்று சொல்லிவிட்டால், தன்னைப் போன்ற பிரிட்டிஷ் யூதர்கள் சொந்த நாட்டிலேயே அந்நியராக்கப்படுவார்கள் என்பது அவர் அச்சம். அக்டோபரில் அவர் இந்தியப் பயணத்துக்குக் கப்பலேறினார். அடுத்த மாதமே கடிதம் வெளியாகிவிட்டது.

அவரைப் போன்றோரின் எதிர்ப்பு இரண்டு காப்புரைகளாக வாக்கியத்தின் வாலில் தங்கியிருக்கிறது. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். பிற நாடுகளில் வாழும் யூதர்களின் உரிமைகளுக்கும் 'அரசியல் நிலைக்கும்' பங்கம் வரக் கூடாது என்கிறது ஒன்று. பாலஸ்தீனத்தில் உள்ள 'யூதர் அல்லாத சமூகங்களின்' 'குடிமை, சமய உரிமைகளுக்கு' பங்கம் வரக் கூடாது என்கிறது மற்றொன்று. அரபியர் என்ற பெயரே அதில் இல்லை. அவர்களுக்கு அரசியல் உரிமை என்ற சொல்லும் இல்லை. அந்தச் 'சமூகங்கள்' அன்றைய மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்கு. ஒரே வாக்கியத்துக்குள் ஒரு சாராருக்கு அரசியல் நிலையை எழுதியவர்கள், மறு சாராருக்கு அதை மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பால்ஃபர் இதில் ஒளிவுமறைவில்லாதவர்: பாலஸ்தீனத்தில் இப்போது வாழ்பவர்களின் விருப்பத்தைக் கேட்பதாகப் பாவனை செய்யவும் நமக்கு உத்தேசம் இல்லை என்று 1919 ஆகஸ்டில் அலுவலகக் குறிப்பொன்றில் எழுதினார்.

1920 ஏப்ரலில் சான் ரெமோவில் கூடிய வெற்றி நாடுகள் பாலஸ்தீனத்தின் பொறுப்பாட்சியை, அதாவது பன்னாட்டுச் சார்பில் அதை நிர்வகிக்கும் பொறுப்பை, பிரிட்டனிடம் தந்தன. 1922 ஜூலையில், ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் ஒப்புதல் அளித்த ஆவணத்தின் முகவுரையிலேயே பால்ஃபரின் வாக்கு ஏறிவிட்டது. ஓர் அமைச்சரின் கடிதம் இப்படித்தான் சர்வதேசச் சட்டமாயிற்று. அதே ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 7,57,000 பேர். யூதர்கள் சுமார் 84,000.

பின்னர் நடந்தவை வேகமானவை. 1929 கலவரத்தில் ஹெப்ரானில் அறுபதுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தோரின் எண்ணிக்கை பெருகிற்று. அமெரிக்கா 1924-லேயே தன் குடியேற்றக் கதவைப் பெரும்பாலும் சாத்திவிட்டிருந்தது. 1936-இல் அரபியர் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது கிளர்ச்சியாக வளர்ந்தது. யூதர்களுக்கும் அரபியருக்கும் பிரிட்டன் ஏற்ற இரண்டு கடமைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை என்று கண்ட பிரிட்டனின் பீல் விசாரணை ஆணையம், 1937-இல் முதன்முறையாகப் பிரிவினையைப் பரிந்துரைத்தது.

மக்மகோனின் கடிதங்களைப் பிரிட்டன் அதிகாரபூர்வமாக அச்சிட்டது 1939-இல்தான். அவற்றை ஆராய்ந்த அரபு–பிரிட்டிஷ் குழுவில் 'மேற்கே' என்ற சொல்லின் பொருள் பற்றி உடன்பாடு எட்டப்படவில்லை. ஆனால், பாலஸ்தீன மக்களின் விருப்பத்தையும் நலனையும் கருதாமல் அந்த நாட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை பிரிட்டனுக்கு இருக்கவில்லை என்று பிரிட்டிஷ் தரப்பே ஒப்புக்கொண்டது. அடுத்த இரண்டு மாதங்களில் வந்த வெள்ளை அறிக்கை, அதாவது பிரிட்டிஷ் அரசின் கொள்கை அறிக்கை, ஐந்தாண்டுகளுக்கு 75,000 யூதர்களை மட்டுமே அனுமதிப்பதாகவும், அதன்பின் அரபியர் சம்மதித்தால்தான் குடியேற்றம் என்றும் அறிவித்தது. தேதி 1939 மே. போலந்தின் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள்மீது ஜெர்மன் படை பாய இன்னும் நான்கு மாதங்கள்கூட இல்லை.