கல் இருக்கட்டும், முதலில் சீழ் இறங்கட்டும்

[திரையில்: கல்லீரலிலிருந்து முன்சிறுகுடலுக்கு இறங்கும் பித்தநாளம்]

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் பித்தநீர் சுரக்கிறது. அது குடலுக்கு இறங்கும் பித்தநாளமோ ஒரு பென்சில் பருமன்கூட இராது. அதன் கடைவாயில் கல் சிக்கினால், தேங்கிய பித்தநீரில் கிருமிகள் பெருகுகின்றன. அழுத்தம் ஏற ஏற, அவை பின்னோக்கித் தள்ளப்பட்டு இரத்தத்தில் கலக்கின்றன.

குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது மேல்வயிற்றில் வலி. இம்மூன்றையும் இந்தப் பித்தநாளத் தொற்றின் அடையாளங்களாகப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-இலேயே சேர்த்துச் சொன்னார். மூன்றும் ஒன்றாக வரும் என்று காத்திருக்கக் கூடாது, பலருக்கு வருவதில்லை. இரத்த அழுத்தம் சரிந்து நோயாளி உளறத் தொடங்கினால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. ஆன்டிபயாடிக் உடனே தேவைதான். ஆனால் அடைபட்ட நாளத்துக்குள் அது போதிய அளவு சேராது. வழி திறந்தாக வேண்டும்.

[திரையில்: வாய்வழியே இறங்கும் எண்டோஸ்கோப்]

இந்தக் குழாயின் கேமரா பக்கவாட்டில் பார்க்கும். நாளத்தின் வாய் குடல் சுவரில், சிறு காம்புபோல இருப்பதே காரணம். அதற்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி மேலேற்றி, அதன் வழியே இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள பிளாஸ்டிக் ஸ்டென்டை, அதாவது வழியைத் திறந்து வைக்கும் சிறு குழாயை, செருகுகிறார்கள். சீழ் கலந்த பித்தநீர் குடலுக்குள் வடியத் தொடங்கும்.

கல்? நோயாளி மோசமாக இருந்தால் அதை அன்று தொடாமல் விடுவதே கெட்டிக்காரத்தனம். எக்ஸ்ரேயில் தெரிவதற்கான சாயத்தையும் அதிகம் செலுத்துவதில்லை, அழுத்தம் இன்னும் ஏறிவிடும். இரத்தம் எளிதில் உறையாதவர்களுக்குக் காம்பைக் கீறாமலே ஸ்டென்ட் வைக்கலாம்.

1992-இல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்றில், கடுமையான பித்தநாளத் தொற்றுக்கு உடனடி அறுவை செய்யப்பட்ட 41 பேரில் 13 பேர் இறந்தனர். முதலில் எண்டோஸ்கோப் வழியே வடித்த 41 பேரில் இறந்தவர்கள் 4 பேர்.

[திரையில்: பித்தப்பை]

பித்தப்பை அழற்சியில் கதை வேறு. பையை அகற்றும் அறுவையே முதல் வழி. உடல் அதைத் தாங்காதவர்களுக்கு மட்டும் வடிகால். தோல்வழியே குழாய் போடலாம். பித்தப்பைக்குச் செல்லும் குறுகிய, வளைந்த கிளைநாளத்தில் எண்டோஸ்கோப் வழியே கம்பியை ஓட்டுவதற்குப் பொறுமை வேண்டும். அல்லது நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப்பால், இரைப்பை அல்லது முன்சிறுகுடல் சுவரிலிருந்தே பைக்குள் உலோக ஸ்டென்ட் வைக்கலாம்.

வீடு திரும்புவோருக்கு ஒன்று: பித்தநாளத்தில் வைத்த பிளாஸ்டிக் ஸ்டென்ட் தற்காலிகமானது. சில மாதங்களில் அதுவே அடைத்துக்கொள்ளும். கல்லை எடுக்கவும் ஸ்டென்டை நீக்கவும் குறித்துக் கொடுத்த தேதியில் தவறாமல் செல்லுங்கள்.