அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்ற ஆட்டம்: பாக்ஸ் ஸ்கோரைப் படிப்பது எப்படி?

[திரையில்: ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் முழு புள்ளிவிவர அட்டவணை]

ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் இப்படி ஓர் அட்டவணை வந்துவிடும். இதுதான் பாக்ஸ் ஸ்கோர். இடது ஓரத்தில் வீரர்களின் பெயர்கள், பக்கத்தில் ஆடிய நிமிடங்கள், அப்புறம் வரிசையாக எண்கள், வலது கோடியில் எடுத்த புள்ளிகள். நம்மில் பலர் நேராக அந்த வலது கோடிக்குத்தான் போவோம். யார் அதிகம் எடுத்தார் என்று பார்த்துவிட்டு அட்டவணையை மூடிவிடுவோம்.

அப்படிப் பார்த்தால் என்ன தவறிப்போகும் என்பதற்கு ஒரே ஒரு ஆட்டம் போதும்.

[திரையில்: 2016 ஜூன் 19, ஓக்லண்ட், கலிஃபோர்னியா. கேவலியர்ஸ் 93, வாரியர்ஸ் 89]

அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம். அந்த சீசனில் 82 ஆட்டங்களில் 73ஐ வென்று சாதனை படைத்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ஒரு பக்கம். தொடரில் 3-1 என்று பின்தங்கி, அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களை வென்று 3-3 என்று கொண்டுவந்த கிளீவ்லாண்ட் கேவலியர்ஸ் மறுபக்கம். நான்கு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை கேவலியர்ஸுக்குப் போனது.

வலது கோடிக்கு முதலில் போவோம். ஆட்டத்திலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் டிரேமண்ட் கிரீன். 32 புள்ளிகள், கூடவே 15 ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைப் பிடிப்பது), 9 அசிஸ்ட் (சக வீரரின் கூடைக்கு வழிவகுத்த பாஸ்). ஆனால் அவர் வாரியர்ஸ் வீரர், தோற்ற அணி. ஜெயித்த அணியின் லெப்ரான் ஜேம்ஸ் எடுத்தது 27.

சரி, இப்போது இடது பக்கம் நகர்வோம். எஃப்ஜி, அதாவது ஃபீல்ட் கோல் என்ற கட்டத்தில் கிரீனுக்கு 11-15 என்று இருக்கும். கூடையை நோக்கி 15 முறை எறிந்தார், 11 உள்ளே போனது. பக்கத்துக் கட்டத்தில் மூன்று புள்ளி எறிதல் மட்டும் தனியாக: 6-8. அந்த ஆறும் முதல் எண்ணான 11லேயே அடங்கியவைதான், தனியாகக் கூட்டிவிடாதீர்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புவார்கள். கணக்கு இப்படி: ஐந்து சாதாரண கூடைகள் 10 புள்ளி, ஆறு மூன்று புள்ளிக் கூடைகள் 18, ஒரு புள்ளி தரும் ஃப்ரீ த்ரோ நான்குக்கு நான்கு. மொத்தம் 32.

லெப்ரானுக்கு 9-24. பாதி கூட உள்ளே போகவில்லை. எறிதலை மட்டும் வைத்து மார்க் போட்டால் கிரீன் எங்கேயோ இருப்பார், லெப்ரான் எங்கேயோ இருப்பார்.

அப்படியென்றால் வாரியர்ஸ் எப்படித் தோற்றது?

[திரையில்: அட்டவணையின் கடைசி வரி மட்டும் பெரிதாகிறது]

விடை வீரர்களின் வரிகளில் இல்லை. அடியில், மொத்தம் என்று இருக்கும் அணி வரியில் இருக்கிறது. என்னைக் கேட்டால் பாக்ஸ் ஸ்கோரை அடியிலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும்.

வாரியர்ஸ்: 83 எறிதல்களில் 32. கேவலியர்ஸ்: 82ல் 33. கிட்டத்தட்ட சமம். மூன்று புள்ளியில் வாரியர்ஸ் 41ல் 15, கேவலியர்ஸ் 25ல் வெறும் 6. ஒன்பது மூன்று புள்ளிக் கூடைகள் வித்தியாசம். அதாவது 45 புள்ளிக்கு 18 புள்ளி. இதை மட்டும் காட்டிவிட்டு யார் ஜெயித்திருப்பார்கள் என்று கேட்டால், யாராக இருந்தாலும் வாரியர்ஸ் என்றுதான் சொல்வார்கள்.

இப்போது ஃப்ரீ த்ரோ கட்டம். வாரியர்ஸ் 13ல் 10. கேவலியர்ஸ் 25ல் 21.

ஆட்டம் இங்கேதான் இருக்கிறது. ஃபவுல், அதாவது விதிமீறல் ஆனதும் கடிகாரம் நிற்கும். கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல், ஒரு புள்ளிக்கு எறிவதுதான் ஃப்ரீ த்ரோ. ஹைலைட்ஸ் வீடியோவில் இதை யாரும் போடமாட்டார்கள். ஆனால் அந்த 11 புள்ளி வித்தியாசத்தை எடுத்துவிட்டால் கோப்பை இடம் மாறிவிடும். லெப்ரான் மட்டுமே கோட்டிலிருந்து 8 புள்ளி எடுத்தார்.

கேவலியர்ஸ் கூடைக்கு அருகே முட்டி மோதி ஆடியது என்பதும் இதே வரியில் தெரிகிறது. மூன்று புள்ளியைக் கழித்துப் பாருங்கள்: இரண்டு புள்ளிக் கூடைகள் கேவலியர்ஸுக்கு 27, வாரியர்ஸுக்கு 17. உள்ளே நுழைந்து ஆடும் அணிக்குத்தான் ஃபவுலும் அதிகம் கிடைக்கும். இரண்டு எண்களும் ஒரே கதையைச் சொல்கின்றன.

[திரையில்: புள்ளிகள் ÷ (2 × (எறிதல்கள் + 0.44 × எறிந்த ஃப்ரீ த்ரோ))]

எறிதல் சதவீதம் ஃப்ரீ த்ரோவைக் கண்டுகொள்வதில்லை, மூன்று புள்ளிக்கும் இரண்டு புள்ளிக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ட்ரூ ஷூட்டிங் சதவீதம். திரையில் இருப்பது அதன் சூத்திரம். 0.44 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஃப்ரீ த்ரோ எப்போதும் ஜோடி ஜோடியாக வந்தால் 0.5 என்று போட்டிருக்கலாம். ஆனால் கூடையும் விழுந்து ஃபவுலும் ஆனால் ஒன்றுதான் கிடைக்கும், மூன்று புள்ளி எறிதலில் ஃபவுல் ஆனால் மூன்று கிடைக்கும், நடத்தை மீறல் போன்றவற்றுக்கான டெக்னிக்கல் ஃபவுல் வேறு. எல்லாவற்றையும் சேர்த்து வந்த சராசரிதான் அது.

இதில் போட்டுப் பார்த்தால் கிரீனுக்கு 95 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. மிரட்டலான எண். லெப்ரானுக்கு 47.5. அணிகளுக்கோ கேவலியர்ஸ் 50.0, வாரியர்ஸ் 50.2. மூன்று புள்ளியில் அவ்வளவு தூரம் முந்திய அணியின் சாதகம், ஃப்ரீ த்ரோவைச் சேர்த்ததும் காணாமல் போய்விட்டது.

கிரீன் அப்படி ஆடியும் வாரியர்ஸ் ஏன் 50லேயே நின்றது? ஸ்டீபன் கரி 6-19, கிளே தாம்ப்சன் 6-17. மூன்று புள்ளியில் இருவரும் சேர்ந்து 24 எறிந்து 6தான் உள்ளே. உலகமே பயந்த ஜோடி அன்று வறண்டுபோனது.

எறிதல் தரம் சமம் என்றால் மிச்சத்தைத் தீர்மானிப்பது யாருக்குப் பந்து அதிகம் கிடைத்தது என்பதுதான். ரீபவுண்ட் கட்டத்தில் கேவலியர்ஸ் 48, வாரியர்ஸ் 39. பந்தைப் பறிகொடுக்கும் டர்ன்ஓவரில் பெரிய வித்தியாசம் இல்லை, அதைத் தாண்டிப் போகலாம்.

இன்னொரு கட்டம் பாக்கி இருக்கிறது. பிளஸ் மைனஸ். ஒரு வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அவர் அணி எத்தனை புள்ளி முந்தியது அல்லது பிந்தியது என்பதுதான் இது. கேவலியர்ஸின் கெவின் லவ் 9 புள்ளிதான் எடுத்தார், 14 ரீபவுண்ட். ஆனால் அவருக்கு பிளஸ் 19, ஆட்டத்திலேயே உயர்ந்தது. இந்த எண்ணை ஒரே ஆட்டத்தில் நம்பக் கூடாது. கூட ஆடிய நால்வரும் எதிரே ஆடிய ஐவரும் இதில் கலந்துதான் இருக்கிறார்கள். இருந்தாலும் 9 புள்ளிக்காரரை மறுபடி பார்க்க வைக்கிறது அல்லவா, அதற்குத்தான் இது.

[திரையில்: நான்காவது கால் பகுதியின் கடிகாரம், ஸ்கோர் 89-89]

பாக்ஸ் ஸ்கோருக்குத் தெரியாத சங்கதியும் உண்டு. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் ஸ்கோர் 89-89 ஆனது, அப்புறம் மூன்றரை நிமிடத்துக்கும் மேல் யாரும் ஒரு புள்ளி எடுக்கவில்லை. 1:50 பாக்கி இருந்தபோது வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுவோடாலா கூடையருகே தூக்கிப் போட்ட பந்தை, பின்னாலிருந்து ஓடிவந்த லெப்ரான் பலகையோடு சேர்த்து அறைந்து தடுத்தார். பிளாக் கட்டத்தில் அதற்கு 1. முதல் கால் பகுதியில் யாரோ சாதாரணமாகத் தட்டிவிட்ட பந்துக்கும் அதே 1தான்.

53 விநாடி இருக்கும்போது கேவலியர்ஸின் கைரி அர்விங் கரிக்கு எதிரே நின்று எறிந்த மூன்று புள்ளி, 92-89. அடுத்த முறை கரியின் முன்னால் மாட்டியவர் லவ். அவ்வளவு உயரமானவரால் கரியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கரி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார், லவ் விலகவே இல்லை, எறிந்தது தவறியது. அட்டவணையில் கரியின் மூன்று புள்ளிக் கட்டத்தில் 4-14 என்று இருக்கும். அந்தப் பதினான்கில் ஒன்று இது. லவ்வின் வரியில் இதற்காக எந்த எண்ணும் ஏறவில்லை.

பத்து விநாடி மிச்சமிருக்கும்போது லெப்ரானுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது தவறியது, இரண்டாவது விழுந்தது. 93.