ஊரார் பிள்ளையும் ஒரு குட்டை ஈட்டியும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, பணி நேரம் முடிந்த பின்னும் நமக்காகக் கூடத்தைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மாவட்ட நூலகத் துறை அலுவலர் அவர்களே, ஒலிபெருக்கியும் தேநீரும் தந்து உதவிய வணிகர் சங்கத்துப் பெருமக்களே, பதிப்பாளர் நண்பர்களே, பள்ளி விட்டு நேராக இங்கே வந்து கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அலுவலர் அவர்களுக்கு இன்னொரு வணக்கம் தனியாக. அது எதற்கு என்பது கூட்டம் முடிவதற்குள் அவருக்கே புரிந்துவிடும்.

தலைவர் முப்பது நிமிடம் தந்திருக்கிறார். ஐந்து விஷயம் பேச உத்தேசம். ஒன்று, ஈட்டி. இரண்டு, சாப்பாடு. மூன்று, உறவு. நான்கு, ஒரே சம்பவத்துக்கு இரண்டு வரலாறு. ஐந்து, ஜப்பானில் பெண்கள் பயின்ற ஆயுதக்கலை. ஐந்தையும் கட்டும் கயிறு நம் வீட்டுப் பழமொழிதான்: ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால், தன் பிள்ளை தானே வளரும்.

யார் அந்த ஊரார் பிள்ளை? 1996-இல் ஜப்பானில் ஒரு சிறுவர் நாவல் வந்தது. எழுதியவர் நஹோகோ உயேஹாஷி. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களை ஆய்வு செய்த மானுடவியலாளர். அவர் எழுதிய நாவல் வரிசையின் பெயர் 'மோரிபிட்டோ', அதாவது காவலாள். அந்த வரிசையின் முதல் நூல் அது. பிறகு 2007-இல் 26 பகுதிகள் கொண்ட அனிமே தொடராக வந்தது. 2016 முதல் 2018 வரை ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம் அதை நடிகர்களை வைத்தும் எடுத்தது. 2014-இல் உயேஹாஷிக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது. சிறுவர் இலக்கியத்தின் நோபல் என்று சொல்வார்களே, அதுதான்.

நாயகி பெயர் பால்சா. வயது முப்பது. கவனியுங்கள், சிறுவர் நாவலின் நாயகிக்கு முப்பது வயது. கூலிக்குக் காவல் போவது தொழில். ஊர் ஊராகப் போகிறாள், கையில் ஒரு குட்டை ஈட்டி. ஒரு நாள் பாலத்தைக் கடக்கும்போது ஓர் இளவரசன் ஆற்றில் விழுகிறான். குதித்துக் காப்பாற்றுகிறாள். அன்றிரவே பையனின் தாய், அந்நாட்டின் இரண்டாம் அரசி, அவளை அழைத்துச் சொல்கிறாள்: என் மகனுக்குள் ஏதோ ஆவி புகுந்திருக்கிறது, அது அரச குலத்துக்கு இழுக்கு என்று அவன் தந்தையே அவனைக் கொல்லப் பார்க்கிறார், கூட்டிக்கொண்டு போய்விடு. பெற்ற தகப்பன் கொல்லப் பார்க்கிறான், வழிப்போக்கி வளர்க்கப் போகிறாள். ஊரார் பிள்ளை!

பையன் பெயரில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து அப்படியே தமிழில் எழுதினால் 'சாகும்' என்று வரும். (சிரிப்பு.) உயிரைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளைக்கு இந்தப் பெயரா? ஜப்பானிய எழுத்தில் கடைசியில் ஓர் உகரம் இருக்கிறது. ஆகவே 'சாகுமு' என்று எழுதினால் பிழைத்துக்கொள்வான். மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் உகரம் போதும்.

முதலில் ஈட்டி. நீண்ட ஈட்டி படைக்களத்துக்கு ஆனது. வரிசையாக நின்று குத்தலாம். சந்துக்குள்ளும் மரங்களுக்கு நடுவிலும் அதைச் சுழற்ற முடியாது, இடிக்கும். குட்டை ஈட்டிக்கு மூன்று வேலை. முனையால் குத்தலாம், தண்டால் தட்டிவிடலாம், அடியில் இருக்கும் பூணால் இடிக்கலாம். உயிரை எடுக்காமல் ஆளை மடக்க வேண்டும் என்றால் பூண்தான் முக்கியம். முனைக்கு உறை மாட்டித் தோளில் சாய்த்து அதில் மூட்டையைத் தொங்கவிட்டால், தூரத்தில் பார்ப்பவனுக்கு அது காவடித் தண்டு மாதிரிதான் தெரியும்.

காவல் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. சிலம்பம் சுற்றுபவர்கள் இங்கே இருந்தால் உடனே ஒப்புக்கொள்வார்கள். கோலின் முன்முனை எவ்வளவு வேகமாக முன்னால் போகிறதோ, பின்முனை அவ்வளவு வேகமாகப் பின்னால் வரும். காக்க வேண்டிய குழந்தை பயத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டால் எதிரியின் அடி விழுவதற்கு முன் நம் பூண் குழந்தையின் தாடையில் விழும். தள்ளி நிறுத்தினாலோ இன்னொருவன் சுற்றி வந்து தூக்கிக்கொண்டு போவான். நால்வர் சூழ்ந்துகொண்டால் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போடவே முடியாது. பால்சாவுக்கும் அது தெரியும்: அரசனின் வேட்டையர்கள் நால்வர் மறித்ததும் பையனை ஓடச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொள்கிறாள். நால்வரையும் சமாளிக்கிறாள், ஆனால் விலாவில் ஆழமான வெட்டு. கடைசியில் வைத்தியனை அழைத்து வந்து அவள் உயிரைக் காப்பது அந்தப் பையன்தான்.

தப்பி ஓடுவதிலும் கணக்கு இருக்கிறது. மலைப்பக்கம் போவதுபோல் தடம் வைத்துவிட்டுத் திரும்பி நகரத்துக்கே வருகிறாள். சாமான் வாங்கத் தான் போவதில்லை. கீழ்நகரில் எடுபிடி வேலை செய்யும் தோயா என்ற பையனை அனுப்புகிறாள். ஒரு பெண் கடைக்கு வந்து சிறுவனுக்கான மலை உடுப்பும் இரண்டு பேருக்கான உலர் உணவும் வாங்கினால் கடைக்காரருக்கு ஒரு மாதத்துக்கு முகம் மறக்காது. தினமும் பத்துப் பேருக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் பையன் வாங்கினால், பதினொன்றாவது ஆளுக்கு என்று நினைத்துக்கொள்வார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இவருடைய கதைகளில் வரும் உணவை வைத்தே 2009-இல் ஒரு சமையல் புத்தகம் ஜப்பானில் வந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். தேநீர் வேறு தயாராகிறது.

இப்போது ஒரு கதை. மாணவர்களுக்காகச் சொல்கிறேன், பெரியவர்களும் கேட்கலாம்.

கன்பல் என்று மலைநாடு. வறண்ட பூமி. அங்கே அரசருக்கு ஒரு வைத்தியர், பெயர் கருணா. ஆமாம், அந்தப் பெயர்தான்! நம் காதுக்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள், அங்கே அது வெறும் கற்பனைப் பெயர். அரசரின் தம்பி வைத்தியரை அழைத்து, அண்ணனுக்கு மருந்தில் விஷம் வை, மறுத்தால் உன் மகளைக் கொல்வேன் என்கிறான். மகளுக்கு வயது ஆறு. வைத்தியருக்குப் புரிந்துவிட்டது. விஷம் வைக்காவிட்டால் மகள் போய்விடுவாள். வைத்தால் சாட்சி இருக்கக் கூடாது என்று தன்னையும் கொல்வான், மகளையும் விடமாட்டான். இரண்டு பக்கமும் இடி. அவருக்கு ஒரு நண்பன், ஜிகுரோ. அரசரின் ஈட்டி வீரர்களில் ஒருவன், நாடே போற்றும் வீரன். அவனிடம் போய்க் கேட்கிறார்: என் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடு.

யோசித்துப் பாருங்கள். பதவி இருக்கிறது, குலம் இருக்கிறது, பேர் இருக்கிறது. நண்பனின் மகளுக்காக அத்தனையையும் விட்டுவிட்டு இருட்டில் கிளம்புகிறான். பின்னால் வைத்தியரும் கொல்லப்படுகிறார். தம்பி அரசனாகிறான். துரத்த ஆள் அனுப்ப வேண்டுமே, யாரை அனுப்புவான்? ஜிகுரோவை வெல்லக்கூடியவர்கள் யார்? அவனோடு பயின்றவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்ட தோழர்கள். ஒருவன் வருகிறான். அவன் விரும்பி வரவில்லை, அரச கட்டளை. ஜிகுரோ கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை போய்விடும். கொல்கிறான். அழுகிறான். அடுத்த ஊர். அங்கே கடைக் காவல், வண்டிக் காவல், கிடைத்த கூலியில் குழந்தைக்குச் சோறு. இன்னொருவன் வருகிறான். மறுபடி. இப்படி வருடக்கணக்கில் எத்தனை பேர் தெரியுமா? எட்டுப் பேர். எட்டுத் தோழர்களைத் தன் கையால் கொன்று, ஊரார் பிள்ளை ஒன்றை வளர்த்தான் அந்த மனிதன். (அரங்கில் அமைதி.)

அந்தப் பெண் குழந்தைதான் பால்சா. நான் இருந்ததால் எட்டு உயிர் போயிற்று, நான் எட்டு உயிரைக் காப்பாற்றி ஈடு செய்வேன் என்று சபதம் எடுக்கிறாள். காவல் தொழிலுக்கு வந்தது அதனால்தான். எத்தனை ஆயிற்று என்று கேட்டால் என்ன சொல்கிறாள்? கணக்கே தப்பிப்போயிற்று என்கிறாள். ஒருவரைக் காப்பாற்றப் போராடினால் இன்னொருவரின் பகை சேர்கிறது. கூட்டலும் கழித்தலும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. நல்லது செய்தால் கணக்குத் தீரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் பாடப்புத்தகக் கதைகளுக்கும் இந்த நாவலுக்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரிகிறது.

ஜிகுரோ வளர்த்தது பால்சாவை. பால்சா இப்போது வளர்ப்பது சாகுமுவை. கூடவே டாண்டா என்ற மூலிகை வைத்தியன், அவளுடைய பால்ய சிநேகிதன். அடிபட்டால் மட்டும் தேடி வருகிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே காயத்தைத் தைப்பவன். அவனுடைய குரு டொரோகாய், யாருக்கும் அடங்காத மந்திரக்காரக் கிழவி. நால்வரும் மலைக்குகையில் ஒரு பனிக்காலத்தைக் கழிக்கிறார்கள். விறகு, உலர்ந்த இறைச்சி, அடுப்பைச் சுற்றிக் கதை, இடையில் பையனுக்குக் கைச்சண்டைப் பயிற்சி. ரத்த உறவு ஒருவருக்கொருவர் கிடையாது. ஆனால் குடும்பம்.

இங்கேதான் நம் மொழிக்கு வேலை வருகிறது. சாகுமு அவளை எப்படிக் கூப்பிடுவான்? மூலத்தில் 'பால்சா' என்றே கூப்பிடுகிறான். தமிழில் முப்பது வயதுப் பெண்ணை ஒரு சிறுவன் பேர் சொல்லி அழைப்பது நமக்கு உறுத்தும். மொழிபெயர்ப்பவர் கை தானாக 'அக்கா' என்று எழுதப் போகும். எழுதக் கூடாது. 'அக்கா' என்று போட்டுவிட்டால் உறவு முதல் நாளே வந்துவிடும், அப்புறம் முந்நூறு பக்கம் எதற்கு? அவர்களுக்குள் உறவுக்குப் பெயர் இல்லை என்பதுதான் கதை. மாறாக, ஆங்கிலத்தில் முடியாத ஒன்று நமக்கு முடியும். அங்கே எல்லாருக்கும் ஒரே 'யூ'. நமக்கு நீயும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறது. இளவரசரே, நீங்கள் என்று தொடங்கியவள் எந்தப் பக்கத்தில் 'நீ' என்கிறாள்? அந்த ஒரு பக்கத்தைச் சரியாகப் பிடிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு நாம் என்ன மரியாதை தருகிறோம்? உள்பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர். பதிப்பாளர் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், அன்பால் சொல்கிறேன்: அட்டையில் போடுங்கள்.

நான்காவது, இரண்டு வரலாறு. ஆள்பவர்களின் புராணப்படி, முதல் அரசர் நீர் அசுரனைக் கொன்று நாட்டை அமைத்தார். அந்த மண்ணின் பூர்வகுடிகளான யாக்கூ மக்களின் கதையில் அது அசுரனே அல்ல. மழைமேகத்தை உண்டாக்கும் நீர் ஆவி. நூறாண்டுக்கு ஒருமுறை ஒரு குழந்தைக்குள் முட்டையிடும். அந்த முட்டையைத் தின்ன ராருங்கா என்ற கொடிய ஜந்து வரும். முட்டை போனால் நாட்டில் பஞ்சம். அதாவது அரசன் கொல்லச் சொன்ன பிள்ளையின் வயிற்றில்தான் நாட்டின் மழை இருந்தது! இந்த உண்மையில் பாதி யாக்கூ முதியவர்களின் நினைவில் தேய்ந்துகொண்டிருக்கிறது. மறுபாதி அரண்மனை வானியலாளர்களின் நிலவறையில், பழைய எழுத்தில் பொறித்த கற்பலகைகளாகப் பூட்டிக் கிடக்கிறது. ஷுகா என்ற இளைஞன் ராப்பகலாக உட்கார்ந்து அதைப் படித்த பிறகே உண்மை தெரிகிறது. இரண்டு பாதியும் சேர்வதற்குள் ஒரு குழந்தையின் உயிர் போயிருக்கும்.

பூட்டிய நூலகம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, அலுவலர் அவர்களே? (கைதட்டல்.)

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். கடைசி வரிசையில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கான நூல் எந்த அலமாரியில்? ஒரு பக்கம் சிங்கமும் முயலும் பேசும் படப்புத்தகம், மறுபக்கம் போட்டித் தேர்வு வழிகாட்டி. நடுவில் பத்திலிருந்து பதினாறு வயதுவரை ஆறு வருடம், ஒரு தட்டுகூட இல்லை.

அமெரிக்க நூலகச் சங்கம் பாட்செல்டர் விருது என்று ஒன்று தருகிறது. பிறமொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சிறந்த சிறுவர் நூலுக்கு. விருது பதிப்பகத்துக்குப் போகும். எழுத்தாளருக்கு அல்ல. அந்நிய மொழிப் பிள்ளையைத் தூக்கி வளர்க்கத் துணிந்தவர் பதிப்பாளர்தானே. 2009-இல் அது கேத்தி ஹிரானோ மொழிபெயர்த்த இந்த நூலுக்குக் கிடைத்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தவனுக்குப் பரிசு! பணத்துக்கு எங்கே போவது என்று பதிப்பாளர்கள் முகம் கேட்கிறது. ஜப்பானிய நூல்களை மொழிபெயர்த்து வெளியிட ஜப்பான் ஃபவுண்டேஷன் உதவித்தொகை தருகிறது. மொழிபெயர்ப்பு உரிமை பேச 2023 முதல் சென்னையிலேயே பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடக்கிறது. வெளிப்பிள்ளை வந்தால் நம் எழுத்தாளர் பிழைப்பு போய்விடும் என்று ஒரு பயம். ரஷ்ய நூல்கள் மலிவு விலையில் தமிழில் வந்து குவிந்த காலத்தில் நம் எழுத்தாளர்கள் பிழைப்பை இழந்தார்களா? படித்து வளர்ந்தார்கள். தன் பிள்ளை தானே வளரும் என்பது அதுதான்.

தலைவர் மணி அடித்துவிட்டார். ஐந்தாவது விஷயத்தை, நாகினாதா என்ற நீள்தண்டு வாளின் கதையை, இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் நோயில் இறந்துபோக, சாகுமு பட்டத்து இளவரசனாகத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. பல்லக்கு காத்திருக்கிறது. பால்சா அவனை அணைத்துக்கொண்டு மெல்லக் கேட்கிறாள்: சண்டை போட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடட்டுமா? வேண்டாம், அதை இன்னொரு பிள்ளைக்காக வைத்துக்கொள் என்கிறான் பையன்.

வாசல் மேசையில் விண்ணப்பத் தாள் இருக்கிறது. மூன்று கோரிக்கை. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் பத்து முதல் பதினாறு வயதுக்கு ஒரு தனி அலமாரி. அதில் மூன்றில் ஒரு பங்கு மொழிபெயர்ப்பு. அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கும் பதிப்புகளுக்கு முன்னுரிமை. பெரியவர்கள் நூலக உறுப்பினர் எண்ணோடு கையெழுத்துப் போடுங்கள், எண் இல்லாத தாளை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். மாணவர்கள் கையெழுத்துப் போட வேண்டாம், பின்பக்கம் கோடு போட்டிருக்கிறது, அதில் உங்களுக்கு வேண்டிய ஒரு புத்தகத்தின் பெயரை எழுதுங்கள். அலுவலர் அவர்கள் தேநீர் முடியும்வரை இங்கேதான் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.