டீபக் சர்வரே விழுந்தால்: முடிந்துபோன த்ரெட்டைத் தொடும் பாயிண்டர்

[திரை: சேலத்தில் ஒரு மடிக்கணினி. மறுபாதியில், ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றின் காப்பி உலர்களத்தில் பொருத்தப்பட்ட சிறிய லினக்ஸ் கருவி.]

வணக்கம். உலர்களத்தின் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் பதிவு செய்யும் இந்தக் கருவியில் கோளாறு வரும்போதெல்லாம் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிச் செல்வது இயலாத காரியம். எனவே, பிழைதேடும் மென்பொருளான ஜிடிபியின் ரிமோட் நெறிமுறையைப் பின்பற்றி நாங்கள் எழுதிய, பதிவு செய்யும் நிரலை நிறுத்தி ஆராயும் ஒரு சிறிய டீபக் சர்வர் கருவியிலேயே இயங்குகிறது. சேலத்திலிருந்து ஜிடிபி அதனுடன் பேசுகிறது. இன்று நாம் பார்க்கப்போவது, அந்த சர்வரே செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக்கூடாத மெமரியைத் தொடும் பிழையில்) விழுந்துவிடும் சிக்கலை.

சர்வர் விழுந்தால் இணைப்பு மட்டும் போவதில்லை. அது நிரலுக்குள் செருகிவைத்த பிரேக்பாயிண்ட்கள், அதாவது நிறுத்தக் குறிகள், மெமரியிலேயே தங்கிவிடுவதால், பிறகு ஏதேனும் ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் ஒரு பணி) அந்த இடத்தைக் கடக்கும்போது, அங்கே எழும், கேட்பாரற்ற சிக்ட்ராப் சிக்னலால் நிரல் முழுவதும் முடிந்துவிடுகிறது.

[திரை: த்ரெட் பட்டியல் ஒன்று, அதன் நடுவில் ஒரு கட்டம் மறைகிறது.]

ஒரு த்ரெட் பிரேக்பாயிண்ட்டில் நின்றவுடன், சர்வர் மற்ற த்ரெட்களையும் நிறுத்த வேண்டும். தன்னிடமுள்ள பட்டியலை லூப்பில் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் சிக்ஸ்டாப் என்ற நிறுத்தும் சிக்னலை அனுப்பி, த்ரெட்கள் நின்றதையும் முடிந்ததையும் தெரிவிக்கும் வெயிட்பிட் அழைப்பில் பதிலுக்குக் காத்திருக்கிறது. சென்சாரை ஒருமுறை படித்துவிட்டு முடிந்துபோகும் குறுகிய ஆயுள் த்ரெட்கள் இந்த நிரலில் ஏராளம். காத்திருக்கும் நேரத்தில் அப்படி ஒன்று முடிந்தால், வெயிட்பிட் அந்தச் செய்தியைத் தருகிறது. அதைக் கையாளும் ஃபங்ஷன் அந்த த்ரெட்டின் பதிவைப் பட்டியலிலிருந்து நீக்கி, மெமரியையும் விடுவித்துவிடுகிறது. வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் லூப்புக்கோ இது தெரியாது. விடுவிக்கப்பட்ட பதிவைக் காட்டும் பாயிண்டரை (மெமரி முகவரியை) அது தொட, சர்வர் விழுகிறது.

மெமரியைத் தவறாகத் தொடுவதைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசருடன் சர்வரைக் கம்பைல் செய்து, த்ரெட்களை இடைவிடாமல் உருவாக்கி முடிக்கும் சோதனை நிரல் ஒன்றை அதன்கீழ் ஓட்டினால், மெமரி விடுவிக்கப்பட்ட வரியும் அதற்குப் பின் தொடப்பட்ட வரியும் ஒரே அறிக்கையில் கிடைக்கும். விழுந்த கணத்தின் மெமரி நகலான கோர் ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

[திரை: லூப்பின் பழைய வடிவம்.]

பலரும் முதலில் செய்வது, நீக்குவதற்கு முன் அடுத்த பதிவின் பாயிண்டரை எடுத்து வைத்துக்கொள்வது. இது போதாது. வெயிட்பிட்டுக்கு மைனஸ் 1, அதாவது 'எதுவானாலும் சரி', என்று கொடுத்திருப்பதால் எந்த த்ரெட்டின் முடிவும் எப்போது வேண்டுமானாலும் வரலாம்; எடுத்து வைத்த அந்த அடுத்த த்ரெட்டே முடிந்துபோயிருக்கலாம். இந்தத் திருத்தம் கோளாறை அரிதாக்குமே தவிர நீக்காது. அரிதான கோளாறு, என் கணக்கில், அடிக்கடி வருவதைவிடப் பொல்லாதது.

சரியான வழி, முடிவுச் செய்தி வரும்போது பதிவில் 'முடிந்தது' என்ற குறியை மட்டும் இடுவது. லூப் முழுவதும் ஓய்ந்த பிறகு, வேறு எந்த ஃபங்ஷனும் பட்டியலைப் பிடித்திராத ஒரே இடத்தில், குறியிட்ட பதிவுகளை அகற்ற வேண்டும்.

த்ரெட்களைக் கட்டுப்படுத்தும் பிட்ரேஸ் அழைப்பு 'அப்படி ஒன்று இல்லை' எனும் ஈஎஸ்ஆர்சிஎச் பிழையைத் தந்தவுடன் த்ரெட் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. த்ரெட் உயிருடன் இருந்தும் இன்னும் நிற்கவில்லை என்றாலும் அதே பிழைதான் வரும். வெயிட்பிட் உறுதி செய்த பிறகே குறியிட வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: முதன்மை த்ரெட் மற்றவற்றுக்கு முன் முடிந்தால், மற்றவை அனைத்தும் முடியும் வரை அதன் முடிவை வெயிட்பிட் தெரிவிக்காது. அதற்காகக் காத்திருந்தால் சர்வர் உறைந்துவிடும் என்பதால், லினக்ஸ் த்ரெட்களின் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் அதன் நிலை 'இசட்', அதாவது ஸோம்பி (முடிந்தும் இன்னும் அகற்றப்படாதது), என்றிருக்கிறதா எனத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

[திரை: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே செல்லும் பாக்கெட்கள்.]

சேலத்திலுள்ள ஜிடிபியின் பட்டியல் எப்போதும் சற்றுப் பழையதாகவே இருக்கும். முடிந்துபோன த்ரெட் ஒன்று உயிருடன் உள்ளதா என்று அது 'டி' பாக்கெட்டில் கேட்டால், சர்வர் தன் பட்டியலில் எண்ணைத் தேடி, இல்லையெனில் 'ஈ01' என்ற பிழைப் பதிலை அனுப்பினால் போதும். தேடியதில் கிடைத்த வெற்றுப் பாயிண்டரைச் சோதிக்காமல் பயன்படுத்தும் இடங்கள் எங்கள் கோடில், த்ரெட்டைத் தேர்ந்தெடுக்கும் 'எச்' பாக்கெட்டைக் கையாளும் பகுதியிலும் இருந்தன. அவற்றையும் இதே திருத்தத்தில் சேர்த்திருக்கிறோம்.