கேலியும் இரண்டாம் வேற்றுமையும்

நேயர்களுக்கு வணக்கம். சிரிப்பூட்டும் பேச்சைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, பரிகாசம், எள்ளல் என்பவை ஒருபுறம் இருக்க, கொங்கு நாட்டுக் குசும்பும் லொள்ளும், இன்றைய இளைஞர்களின் கலாய்ப்பும், கேட்பவரைப் பல்லைக் கடிக்க வைக்கும் மொக்கையும் மறுபுறம் இருக்கின்றன. அகராதியைப் புரட்டினால் கேலிக்குப் பரிகாசம் என்றும், பரிகாசத்துக்குக் கேலி என்றும் நம்மைச் சுற்றிவரச் செய்யும். பேசுகிறவர்களோ இவற்றை அப்படி மாற்றிப் போட்டுப் பேசுவதில்லை. இவற்றின் வேறுபாடு, சொல்லின் பொருளைவிட, அதனுடன் வரும் வேற்றுமை உருபில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பது என் கருத்து.

“அவரிடம் வேடிக்கையாகப் பேசினேன்” என்கிறோம். “அவரைக் கிண்டல் செய்தேன்” என்கிறோம். முதல் தொடரில் அவர் நம்மோடு சேர்ந்து சிரிக்கக்கூடியவர். இரண்டாவதில் ‘ஐ’ வந்து ஒட்டியவுடன் அவர் செயப்படுபொருளாகிவிடுகிறார். ஜோக் ‘அடிப்பதில்’ யாரும் அடிபடத் தேவையில்லை. ஆனால் ‘கலாய்த்தான்’ என்றால் ‘யாரை?’ என்ற கேள்வி உடனே எழுகிறது. “என்னை வைத்துக் காமெடி பண்ணாதீர்கள்” என்பவரின் மனக்குறை இன்னும் நுட்பமானது: தாம் வெறும் கருவியாகிவிட்டோம் என்பதே அது.

திருநெல்வேலிப் பக்கத்துத் திருமணம் ஒன்றில், நலுங்கில் தேங்காய் உருட்டும்போது மாப்பிள்ளையின் கை இரண்டு முறை நழுவியது. மணமகளின் தம்பி, “என்ன அத்தான், தேங்காயையே பிடிக்க முடியல, எங்க அக்காவை எப்படிப் பிடிக்கப் போறீங்க?” என்றான். பந்தலே சிரித்தது, முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். சற்று நேரம் கழித்து, மணமகளோடு வேலை பார்க்கும் ஒருவர் ஏறக்குறைய அதே வாக்கியத்தைச் சொன்னார். சிரிப்பு எழவில்லை. பெரியவர் ஒருவர் சந்தனக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, “சரி, ஆகட்டும்” என்றார். மைத்துனனுக்கும் கொழுந்தியாளுக்கும் கேலி பேசும் முறை உண்டு. அந்த முறை இல்லாதவர் வாயில் அதே சொற்கள் வம்பாகிவிடுகின்றன.

மாப்பிள்ளை சிரித்ததற்குத் தொல்காப்பியத்தில் இடம் இருக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் மெய்ப்பாட்டியல் கூறுகிறது. அவற்றுள் எள்ளலுக்குப் பொருள் சொல்லும் பழைய உரை, தான் பிறரை எள்ளிச் சிரிப்பதோடு, பிறரால் எள்ளப்பட்டுத் தான் சிரிப்பதையும் அதில் அடக்குகிறது.

எவரையும் ‘ஐ’ போட்டுத் தொடாமலே கேலி செய்வதும் உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அங்கிருந்த படைக்கலங்களைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவலுள்ள அகன்ற மனையில் இருக்கின்றன. அதியமானின் அவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, எந்நேரமும் கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் செய்தி. ‘இவ்வே’, ‘அவ்வே’ என்னும் இரண்டு சுட்டுகளே வேலையை முடித்துவிடுகின்றன. தேடினாலும் ஒரு வசைச்சொல் கிடைக்காது. தொல்காப்பியம் சொல்லும் பழிகரப்பு அங்கதத்துக்கு, அதாவது பழியை மறைத்துச் சொல்லும் வசைக்கு, இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

ஈழத் தமிழர் கேலியைப் ‘பகிடி’ என்பார்கள். பகிடி விடுவதற்கு ‘யாரை’ என்ற கேள்வி அவ்வளவாக வேண்டியதில்லை. நல்ல இளகிய சொல். ஆனால் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் செய்யும் கொடுமைக்கு அங்கே பெயர் ‘பகிடிவதை’. நாம் ராகிங் என்ற ஆங்கிலச் சொல்லோடு நின்றுவிட்டோம். அவர்களோ பகிடியின் பக்கத்திலேயே வதையை நிறுத்திவிட்டார்கள். வதைத்தல் ‘ஐ’ இல்லாமல் நடவாத வினை. தமிழ்நாட்டில் 1997இலும் இலங்கையில் 1998இலும் இதற்கெதிராகச் சட்டம் வந்தது. ஆயினும் அகப்பட்டுக்கொண்டவர் ‘ஐ’யை விட்டுவிட்டு நான்காம் வேற்றுமைக்குத் தாவுவது இரு கரையிலும் ஒன்றுதான்: இங்கே “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்”, அங்கே “சும்மா பகிடிக்குச் சொன்னனான்”.